டெமோ கிளாஸில் யார் பேச வேண்டும்?

காரைக்குடிப் பக்கம் பெரியவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் டெமோவில், அதாவது பணம் கட்டிச் சேருமுன் நடத்திக் காட்டுகிற மாதிரி வகுப்பில், யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய பழைய வீடுகளில் வேலை பார்க்கிறவர்கள், சுற்றுலாக் கார் ஓட்டுகிறவர்கள், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் விற்கிறவர்கள், வெளிநாட்டில் பேரப்பிள்ளை இருக்கிற ஆச்சிமார். அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார்கள். இவர்கள் முன்னால் 12 டென்ஸ் அட்டவணையைப் போர்டில் எழுதிப் பாதி நேரத்தை ஓட்டுகிற ஆசிரியர்களைப் பின்வரிசையில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்கு டெமோ என்றால் தன் சரளத்தைக் காட்டும் மேடை. வந்தவர்களோ வாயைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள். நாற்பது நிமிடம் முடிந்து எழுந்திருக்கும்போது இவர்களால் எதைச் சொல்ல முடிய வேண்டும்? அதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பெரியவர்கள் 'இது எனக்கு எதற்கு' என்று தெரிந்தால்தான் மனதைக் கொடுப்பார்கள் என்பதை முதியோர் கல்வியில் பெயர்பெற்ற அமெரிக்கர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்திச் சொல்லியிருக்கிறார். ஹோட்டல் வரவேற்பில் நிற்கிற பெண்ணுக்கு ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் இன்றைக்கு வேண்டாம். "ஹௌ இஸ் இட் மேட்?" என்று வெள்ளைக்காரர் தரையைக் காட்டிக் கேட்டால் பதில் வேண்டும்.

ஆகவே ஓர் ஆத்தங்குடிக் கல்லையே வகுப்புக்குக் கொண்டுபோங்கள். கையில் கொடுத்துச் சுற்றி வர விடுங்கள். அது எப்படித் தயாராகிறது என்பது இங்கே பலருக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும்: கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள், மேலே மணலும் சிமெண்டும் போடுவார்கள், காயவைத்து, தண்ணீரில் ஊறவைப்பார்கள். முதலில் தமிழிலேயே சொல்லட்டும். விஷயம் அவர்களுடையது, ஆங்கிலம் மட்டும் நம்முடையது என்று ஆகும்போது கூச்சம் பாதி போய்விடும். அப்புறம் மூன்றே வாக்கியம்: "தி கலர் இஸ் போர்ட் ஆன் கிளாஸ்." "தி டைல் இஸ் சோக்ட் இன் வாட்டர்." "இட் இஸ் மேட் பை ஹேண்ட்." பேசிவ் வாய்ஸ் என்ற பெயரைச் சொல்லாவிட்டாலும் பாடம் நடக்கும். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது 'ஹேண்டு', 'கிளாஸு' என்று கடைசியில் நம்மூர் உகரம் ஒட்டும். ஒருவரைத் தனியாகப் பிடித்துத் திருத்தாமல் மொத்தமாக இரண்டு முறை சொல்லவைத்தாலே போதும்.

பிறகு ஜோடி வேலை. ஒருவர் சுற்றுலாப் பயணி, இன்னொருவர் கடைக்காரர். விலை, அளவு, எத்தனை நாளில் அனுப்பலாம் என்ற விவரம் கடைக்காரர் கையில் கொடுக்கிற சீட்டில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் கேட்க என்ன இருக்கிறது? இங்கே 'புரியுதா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். 'எழுதணுமா, பேசணுமா? விலை யாருக்குத் தெரியும்?' என்று கேட்டால் உண்மை வெளியே வரும். டெமோவில் தமிழே கூடாது என்கிற விதியை நான் மதிப்பதில்லை. புதியவர்களுக்கு இந்த விளக்கத்தை அரை நிமிடத் தமிழில் முடித்தால் அவர்கள் பேச நேரம் மிஞ்சும்.

அவர்கள் பேசும்போது குறுக்கே விழாமல் சுற்றி நடந்து, கேட்ட தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதி, 'இதைச் சரி பண்ணலாமா?' என்று எல்லாரிடமும் கேளுங்கள். ஐம்பது வயது அண்ணனை அவர் மகன் வயதுப் பையன் முன்னால் நிறுத்தித் திருத்தினால் அவர் மறுநாள் வரமாட்டார். ஆரம்பத்திலேயே ஒவ்வொருவராக எழுந்து 'மை நேம் இஸ்' சொல்லச் சொல்வதும் அதே ரகம்தான்.

சேர வருகிறவர்களுக்கும் ஒன்று. '30 நாளில் சரளம்' என்று டெமோ முடிவில் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடியிலிருந்து தொடங்கி ஏ2 என்கிற தொடக்க நிலையை எட்டவே ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேர வழிகாட்டுதலோடு கூடிய படிப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. தினம் ஒரு மணி நேரம் என்றால் 30 நாளில் 30 மணிதான். அன்றைக்கு நீங்கள் எத்தனை வாக்கியம் பேசினீர்கள் என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னும் சில்லறை விஷயங்கள் உண்டு. கரண்ட் போகலாம், ஆகவே ப்ரொஜெக்டரை நம்பாதீர்கள். பதினைந்து பேர் என்பார்கள், ஐந்து பேர் வருவார்கள்; ஒற்றைப்படையாக வந்தால் மூவர் குழுவுக்கு இன்னொரு சீட்டு தயாராக இருக்கட்டும், பயணியோடு வந்த மனைவி என்று. பேரம் பேசுவதை அந்த மனைவியிடம் விட்டுவிடுங்கள்.