எண்ணி முடிக்கும் வரை எல்லோரும் நிற்க வேண்டுமா?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் சீசன் நேரத்தில் காய் பிரிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டி பக்கத்திலேயே இருக்கும். அது நிரம்பினால்தான் எழுந்து குடோனுக்குப் போவார்கள். காய்க்குக் காய் குடோனுக்கு நடந்தால் ஒரு லோடு பெங்களூரா ரக மாங்காய் ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் தன் நினைவகத்தை இப்படித்தான் பங்கிடுகிறது. ஒரு கோப்பைத் திறந்தாலே அதன் பெயருக்கு ஒரு டென்ட்ரி, விவரத்துக்கு ஒரு ஐநோடு என்று சின்னச் சின்ன இடங்கள் தேவை. ஒவ்வொன்றுக்கும் 4096 பைட் நினைவகத் துண்டை, அதாவது ஒரு ‘பக்கத்தை’, முழுசாகக் கொடுத்தால் பெரும்பகுதி வீண். அதனால் ஒன்றோ சில பக்கங்களோ எடுத்து ஒரே அளவுக் குழிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஸ்லாப். 1994-இல் சோலாரிஸ் 2.4 இயங்குதளத்துக்காக ஜெஃப் பான்விக் வடிவமைத்த முறை இது. லினக்ஸில் இன்று இருப்பது கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதி 2007-இல் சேர்ந்த ஸ்லப் (SLUB) என்ற வடிவம்.

ஒவ்வொரு சிபியுவுக்கும் (கணினியின் ஒவ்வொரு செயலிக்கும்) சொந்தமாக ஒரு ஸ்லாப் உண்டு. அதிலிருந்து குழி எடுக்கப் பொதுப் பூட்டு எதுவும் வேண்டாம், வேகமெல்லாம் அங்கேதான். அது தீர்ந்தால்தான் குடோனுக்குப் போக வேண்டும், அதாவது பாதி நிரம்பிய ஸ்லாப்கள் கிடக்கும் பொதுப் பட்டியலுக்கு. அதற்கு ஸ்பின்லாக் என்ற ஒரு பூட்டு. சாவி கிடைக்காத சிபியு தூங்கப் போகாது. கிடைக்கும்வரை அதே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சிக்கல் கணக்குக் கேட்கும்போதுதான் வருகிறது. ஸ்லாப்இன்ஃபோ (/proc/slabinfo) என்ற கோப்பைப் படித்தால், எத்தனை குழிகள், எத்தனை பயன்பாட்டில் என்று கெர்னல் சொல்ல வேண்டும். மொத்தக் குழிகளுக்கு ஓடும் கணக்கு இருக்கிறது. காலிக் குழிகளுக்கு இல்லை. வைத்தால் ஒவ்வொரு முறை விடுவிக்கும்போதும் எல்லா சிபியுவும் ஒரே எண்ணைத் திருத்த முண்டியடிக்கும். ஆகவே கேட்கும் நேரத்தில் பொதுப் பட்டியலைப் பூட்டி, சிபியுவை இடைமறிக்கும் இன்டரப்டையும் நிறுத்தி, ஸ்லாப் ஸ்லாப்பாகக் கூட்டுகிறது. பட்டியலில் லட்சக்கணக்கில் இருந்தால் அத்தனை நேரமும் குடோன் வாசலில் கூட்டம்.

ஓசூரில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை திக்கும். தேடித் தேடிக் கடைசியில் பார்த்தால், நிமிடத்துக்கொரு முறை அந்தக் கோப்பைப் படித்தது எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்தான். நோயைக் காட்ட வைத்த கருவியே நோயாக இருந்தது.

2024-இல் வந்த லினக்ஸ் 6.10 பதிப்பில் இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு தீர்வு வந்தது. பட்டியலில் 10,000 ஸ்லாப்கள் வரை இருந்தால் முழுதாக எண்ணும். அதைத் தாண்டினால் முன்னாலிருந்து 5,000, பின்னாலிருந்து 5,000 மட்டும் எண்ணி, அந்த விகிதத்தை மொத்தத்துக்கும் பெருக்கிச் சொல்லும். இரண்டு முனையும் ஏன்? முழுக்கக் காலியான ஸ்லாப்களைத் திருப்பிக் கொடுத்துப் பட்டியலைச் சுருக்கும் வேலை நடந்த பிறகு, அதிகம் நிறைந்தவை முன்னாலும் குறைவாக நிறைந்தவை பின்னாலும் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் கணக்கு சாய்ந்துவிடும். பழைய கணக்கும் அப்படியொன்றும் துல்லியமில்லை: சிபியு கையில் வைத்திருக்கும் ஸ்லாப்பில் காலிக் குழி இருந்தாலும் அது நிறைந்ததாகவே எண்ணப்படும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி லேபில் லினக்ஸ் இருந்தால், ரூட் அனுமதியோடு ஸ்லாப் கணக்கைக் காட்டும் ஸ்லாப்டாப் (slabtop) கட்டளையை ஓடவிடுங்கள். இன்னொரு டெர்மினலில் ஃபைண்டு (find) கட்டளையால் வட்டு முழுக்கத் தேடுங்கள். டென்ட்ரி வரியில் எண் ஏறுவது கண்ணெதிரே தெரியும்.