சினெர்ஜி: தமிழில் கூட்டாற்றல்

கடுமையான கிருமித்தொற்றுக்கு இரண்டு ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கையில் மருத்துவர் 'சினெர்ஜி' என்கிறார். சிங்கப்பூரில் அதை மூத்தோருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டிய பிள்ளைகளும் தாதியரும் 'இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள்' என்று நிறுத்திக்கொண்டால், சொல்லின் உயிர்ப்பொருள் விடுபட்டுவிடும்.

கிரேக்கத்தில் 'சின்' என்பது உடன். 'எர்கோன்' என்பது வேலை. இவை இணைந்த 'சினெர்கியா' உடனுழைத்தலைக் குறித்தது. மருந்தியலோ இன்னும் இறுக்கமாகப் பொருள்கொள்கிறது: இரு மருந்துகளின் தனித்தனிப் பயன்களைக் கூட்டினால் வருவதைவிட, அவை இணைந்து தரும் பயன் மிகுந்திருக்க வேண்டும். கிருமியின் வளர்ச்சியைத் தனியே தடுக்க ஒவ்வொரு மருந்துக்கும் தேவைப்படும் செறிவில் கால் பங்கே இருக்கும்போது, இரண்டும் சேர்ந்து அதைத் தடுத்துவிட்டால், ஆய்வுக்கூடம் அதனைச் சினெர்ஜி என ஏற்கும்.

இதய வால்வைத் தாக்கும் எண்டரோகாக்கஸ் இதற்குச் சிறந்த சான்று. ஆம்பிசிலின் தனித்து நின்றால் பெரும்பாலும் அக்கிருமியின் பெருக்கத்தைத் தடுக்குமே தவிர முற்றாகக் கொல்லாது. ஜென்டாமைசினோ கிருமியின் உள்ளே போதிய அளவு புக முடியாமல் நின்றுவிடும். ஆம்பிசிலின் செல்சுவரைச் சிதைத்து வழி திறக்க, உள்ளே நுழையும் ஜென்டாமைசின், புரதம் ஆக்கும் நுண்ணுறுப்பான ரைபோசோமைப் பற்றி அந்த உற்பத்தியைக் குலைப்பதால், தனியே எதனாலும் ஆகாத அழிப்பு நிகழ்கிறது. கோ-டிரைமாக்சசோல் மாத்திரையில் உள்ள இரு மருந்துகளும் கிருமி ஃபோலிக் அமிலம் ஆக்கும் பாதையின் இரு படிகளை மறிக்கின்றன. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளுக்கு எந்த இணை பலிக்கும் என ஆய்வுக்கூடத்தில் சோதித்துத் தேரும் பணி சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் நடந்துள்ளது.

தமிழில் 'கூட்டு விளைவு' என்று எழுதுவது எனக்கு நிறைவளிக்கவில்லை. வெறும் கூட்டுத்தொகையையும் அது குறிக்கும். 'ஒத்துழைப்பு' வேர்ப்பொருளுக்கு நெருங்கியதாயினும் மிகுதியைக் காட்டாது. 'எனர்ஜி' என்ற சொல்லும் அதே எர்கோனிலிருந்து பிறந்ததே. அதற்கு 'ஆற்றல்' என்பது தமிழில் நிலைபெற்றுவிட்டதால், சினெர்ஜிக்குக் 'கூட்டாற்றல்' என்பதே வேரோடும் பொருளோடும் பொருந்துகிறது. பயன்கள் வெறுமனே கூடுவதைக் 'கூட்டல் விளைவு' எனப் பிரித்துச் சொல்லலாம்.

ஒரு மருந்து மற்றதைத் தளர்த்துவது 'முரண்விளைவு'. நிமோகாக்கஸ் கிருமியால் வரும் மூளையுறை அழற்சிக்குப் பெனிசிலினோடு ஆரியோமைசின் என்ற மருந்தையும் பெற்றவர்களிடையே, பெனிசிலின் மட்டும் பெற்றவர்களிடையே நேர்ந்ததைவிட மிகுதியான விகிதத்தில் இறப்பு நேர்ந்ததை 1951இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெனிசிலின் வளரும் கிருமியையே கொல்லும். ஆரியோமைசின் அந்த வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது.