பழைய மலை என்றால் கெட்டியான மலை என்று யார் சொன்னது?

"பாறை வந்துடுச்சு சார், இனிமே கவலையே இல்ல."

சேலத்தில் மண்ணையும் பாறையையும் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஒரு வரியைக் கேட்டாலே இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. போன ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மட்டும் மூன்று பேர் இதே கதையோடு வந்தார்கள். மூன்றாவது ஆளை அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். ஏற்காட்டில் நாகலூர் போகிற பக்கம், காபித் தோட்டத்தைப் பிரித்து விற்றதில் இருபது சென்ட் வாங்கியிருக்கிறார். சரிவான இடம். பொக்லைனை விட்டு மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். நான் டேப் வைத்து அளந்தேன், 18 அடி. சுவர் மாதிரி நிற்கிறது. அடியில் கரிய கல் தட்டுப்பட்டிருக்கிறது. மேஸ்திரி கடப்பாரையால் ஒரு போடு போட, கணீர் என்று சத்தம். அவ்வளவுதான், ஆராய்ச்சி முடிந்தது. அந்தக் கல்லின் மேலேயே இரண்டு தூண்களுக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள்.

மூன்று நாள் விடாத மழை. ஒரு ராத்திரியில் மேல்புறச் சரிவு வந்து சமையலறைக்குள் உட்கார்ந்துவிட்டது. கிரகப்பிரவேசம் நடக்கவில்லை என்பதால் உள்ளே யாரும் இல்லை. அதைவிட வேடிக்கை, தூண்களைத் தாங்க வேண்டிய "பாறை" தன் இடத்திலிருந்து கால் திருப்பு திரும்பியிருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கல் லாரி கேபின் அளவுக்கு உருண்டையாகக் கிடந்தது. மேல் பட்டை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வருகிறது. நடுவில் சுத்தியலால் தட்டினால் கணீர், ஓரத்தில் தட்டினால் பொத். அதற்கு அடியில் இருந்ததோ கையால் அள்ளக்கூடிய மஞ்சளும் சிவப்புமான மண். ஆனால் அந்த மண்ணை உற்றுப் பாருங்கள்: பாறையில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் அதே வரிசையில் அப்படியே நிற்கும். விரலால் அழுத்தினால் மாவாகும். உருவம் பாறை, உள்ளே மண். இதைத்தான் நாங்கள் மக்கிய பாறை என்போம். வெட்டின அன்றைக்கு அது செங்குத்தாக நிற்கும், ஏமாற்றும். தண்ணீர் ஏறினால் நிற்காது.

அவர் போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார். கிழக்குத் தொடர்ச்சி மலை இமயமலையைவிடப் பல மடங்கு பழையது, உலகின் உறுதியான மலைகளில் ஒன்று, இங்கே மண்சரிவே வராது என்று போட்டிருந்தது. கீழே மூன்று கும்பிடு.

முதல் பாதி சரி. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையும் கிழக்குத் தொடர்ச்சியில் ஒரு துண்டுதான், அதன் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இமயமலை எழ ஆரம்பித்து ஏறக்குறைய 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. ஆனால் அங்கிருந்து "ஆகவே உறுதி" என்று தாவுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கல்லின் வயது வேறு, சரிவின் பலம் வேறு. இந்தப் பாறை உருவானது பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, அசாத்தியமான சூட்டிலும் அழுத்தத்திலும். மேலே கிடந்ததெல்லாம் அரித்துக் கரைந்துபோனதால் இன்றைக்கு வெளியே தெரிகிறது. அழுத்தம் குறைந்ததும் விரிசல் விட்டது, விரிசலில் தண்ணீர் இறங்கியது. விரிசல் ஓரமெல்லாம் கல் மக்கி மண்ணானது, நடுவில் மட்டும் உருண்டையாகக் கல் மிஞ்சியது. பழசு என்றால் அத்தனை காலம் மழையில் நனைந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லையென்றால் சேர்வராயன் கோயில் வரை ஏறிப் பாருங்கள். 1,600 மீட்டருக்கு மேல், உச்சி மேசை மாதிரி தட்டையாக இருக்கும். அந்தப் பகுதிகளில் கிடைப்பது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்துதான் ஒரு காலத்தில் லாரி லாரியாகப் போனது. பாக்சைட் என்பது என்ன? பாறை மக்கி மக்கி, மற்றதெல்லாம் மழையில் கரைந்து ஓடி, அலுமினியம் மட்டும் மிஞ்சின கடைசிச் சக்கை. மலை மக்கவில்லை என்றால் பாக்சைட் ஏது?

இந்தக் கரிய கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் பதித்த கல்லை வைத்து ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் சூட்டிய பெயர். கல் என்னவோ சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். புதுசாக உடைத்தால் எண்ணெய் தடவின மாதிரி கரும்பச்சையாக மினுங்கும். அந்த நிலையில் இதைவிடக் கெட்டியான கல்லைத் தேட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பிரச்சினை கல்லில் இல்லை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பதில்.

இன்னொன்று. வரைபடத்தில் ஒரே கோடாகப் போட்டுவிடுவதால் ஒடிசாவிலிருந்து இங்கே வரை ஒரே மலை என்று நினைக்கிறார்கள். மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகின்றன. ஒடிசா, ஆந்திரப் பக்கத்துப் பாறைகள் இன்றைய உருவம் பெற்றது சுமார் 100 கோடி ஆண்டுக்கு முன்னால், அண்டார்டிகாவோடு ஒட்டிக்கிடந்த காலத்தில். நம்முடையது வேறு கதை. நம்ம ஊரில் சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று தனித்தனித் துண்டுகள். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பள்ளத்தாக்கே பாறை நசுங்கி இழுபட்ட ஒரு பழைய பட்டைதான். அதனால் ஒரு தோட்டத்துக்குச் சொன்னது பக்கத்துத் தோட்டத்துக்குப் பொருந்தாது. "பக்கத்து ரிசார்ட் நிக்குதே சார்" என்று என்னிடம் வராதீர்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை மறந்துவிட்டதா? ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதே மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்து 7 பேர் போனார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். அதுவும் பழைய மலைதான்.

சரி, என்ன செய்யலாம்? கடப்பாரைச் சத்தத்தை நம்பாதீர்கள். கல் தட்டுப்பட்டால் அதைத் துளைத்து இன்னும் 3 மீட்டர் கீழே இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், உருண்டையா அடிப்பாறையா என்று அப்போது தெரியும். ஒரே இடத்தில் குழி போட்டுவிட்டு அறிக்கை கேட்காதீர்கள். செங்குத்தாக வெட்டாதீர்கள், படிப்படியாக வெட்டுங்கள். இடம் குறையும், குறையட்டும். வெட்டுக்கு மேலே மழைத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் கட்டாயம். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புங்கள். ஓட்டை அசிங்கமாக இருக்கிறது என்று சிமெண்ட் வைத்து அடைத்த மகானுபாவரையும் பார்த்திருக்கிறேன். கழிவுநீர்க் குழியைச் சரிவின் மேல்பக்கம் தோண்டாதீர்கள், வருடம் முழுக்க மழை பெய்கிற கணக்குத்தான் அது. புரட்டாசியில் வேலை ஆரம்பிக்கவே வேண்டாம், தை பிறக்கட்டும். மலைப்பகுதியில் கட்ட வாங்க வேண்டிய ஹாக்கா அனுமதியை வெறும் கெடுபிடி என்று நினைத்து, ஆளைப் பிடித்து வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை விட்ட மறுநாள் வீட்டுக்கு மேலே ஒரு நடை போய் வாருங்கள். சில்வர் ஓக் மரங்கள் புதிதாகச் சாய்ந்திருக்கின்றனவா, தரையில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா, தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி அங்கே படுக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், தயவுசெய்து.

அந்த மேலாளர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் என்னோடு நடந்து வந்தார். "இது ஊத்தடிங்க. எங்க அப்பா காலத்துல இங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலிங்களே."

போன வாரம் மேலாளர் கூப்பிட்டார். அந்த உருண்டைக் கல்லை வெடி வைத்து உடைத்து அப்புறப்படுத்த ஆள் தயாராக இருக்கிறதாம், எடுத்துவிடலாமா என்றார். வேண்டாம் சார், மேலே இருக்கிற மண்ணை இறக்கிச் சரிவைச் சாய்வாக்குகிற வரை அதைத் தொடாதீர்கள், இப்போதைக்கு மிச்சச் சரிவுக்கு முட்டு கொடுத்து நிற்பதே அந்தக் கல்தான் என்றேன்.