அலாரம் அடிக்கிறது, மாத்திரை அட்டை காலியாகவில்லை

தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு வருகிற ஓர் அம்மாவுக்கு 67 வயது. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துவந்து, மதியம் வரை தெருவோரத்தில் விற்பவர். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியிருந்ததால் ஃப்ரூசமைடு, அதாவது நீர் மாத்திரை, காலையில் ஒன்று எழுதியிருந்தேன். மகன் போனில் மாத்திரை ஆப் ஒன்றை ஏற்றி, ஏழு மணிக்கு அலாரமும் வைத்துக் கொடுத்திருந்தார்.

ஆப்பைத் திறந்தால் எல்லா நாளும் பச்சை டிக். ஆனால் அவருடைய காலை அழுத்தினால் விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அட்டையைக் காட்டச் சொன்னேன். பத்தில் எட்டு மிச்சம்.

“அத்தப் போட்டா அர மணிக்கு ஒரு தபா போவணும் டாக்டர். கூடைய யார்கிட்ட வுட்டுட்டு எங்க போறது?”

சத்தம் நிற்பதற்காக டிக்கை அமுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். இதை மறதி என்று நினைத்தது என் தப்பு. பக்கத்தில் கழிப்பறை இல்லாததற்கு ஆப் என்ன செய்யும்? மாத்திரையை அவர் வீடு திரும்பும் மதியம் இரண்டு மணிக்கு மாற்றினேன். (நீங்களாக மாற்றாதீர்கள், எல்லா மாத்திரைக்கும் இது சரிவராது.) அலார மணிக்குப் பதில் பேத்தியின் குரல்: “ஆயா, மாத்திர போட்டியா?” அப்புறம், தினமும் அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் மகனுக்குப் போக வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்தவர், “செருப்பு லூசாயிடுச்சு” என்றார்.

ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக்குழாய் அடைபடாமல் விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தவர்கள் விஷயத்தில் இவ்வளவு பொறுமை காட்ட முடியாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி அட்டாக் வரலாம். இதயத் துடிப்பை மெதுவாக்கும் மெட்டோப்ரொலாலையும் திடீரென்று விடக்கூடாது. நான் பார்த்தவரை, மாத்திரை விட்டுப்போவது பெரும்பாலும் அட்டை தீர்ந்த வாரத்தில்தான். அதனால் தீர்வதற்கு ஐந்து நாள் முன்பே ‘மருந்து வாங்கு’ என்று இன்னொரு அலாரம் வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால், அடுத்த வேளை இரண்டாகப் போடவே வேண்டாம்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த போன் தேவையில்லை. ராயபுரத்துப் பெரியவர் ஒருவரிடம் இருப்பது பட்டன் போன்தான். ராத்திரி அதை மாத்திரை வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுப் படுக்கிறார். காலையில் அலாரத்தை அணைக்க டப்பாவைத் திறந்துதான் ஆக வேண்டும்.