சர்வர் விழுந்தாலும் செஷன் பிழைப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் பயிலும் வாசகி ஒருவர், தம் தம்பிக்காக வண்ணாரப்பேட்டைக் கணினி மையமொன்றில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் பக்கத்தில் திடீரென்று எல்லா விவரங்களும் மறைந்து நுழைவுப் பக்கமே மீண்டும் வந்து நின்றதாக எழுதியிருக்கிறார். "கூட்டம் அதிகம் என்றால் இன்னும் நான்கு சர்வர்களைச் சேர்த்துவிட வேண்டியதுதானே?" என்பது அவருடைய கேள்வி. சர்வர்களைச் சேர்ப்பதாலேயே இந்தத் தொல்லை தொடங்கவும் கூடும் என்பதால், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இணையத்தின் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவு கிடையாது. நாம் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் சர்வருக்கு முன்பின் அறியாத ஒருவரின் கோரிக்கையாகவே போய்ச் சேரும். இந்தக் குறையைத் தீர்க்க 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கினார். நாம் உள்ளே நுழைந்ததும் யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றைச் சர்வர் நம் உலாவியிடம் குக்கீயாகக் கொடுக்கிறது. உலாவி ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிக் காட்டுகிறது. அந்த எண்ணுக்கு உரியவர் யார், எதுவரை நிரப்பியிருக்கிறார் என்ற விவரங்களைச் சர்வர் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இந்த விவரத் தொகுப்பே செஷன்.

ஒரே சர்வர் இருக்கும்வரை சிக்கல் இல்லை. நான்கு சர்வர்களைச் சேர்த்துக் கிளஸ்டராக்கி, கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்க முன்னால் ஒரு லோட் பேலன்சரை நிறுத்தும்போது, முதல் பக்கம் ஒரு சர்வருக்கும் இரண்டாம் பக்கம் இன்னொன்றுக்கும் போகலாம். இரண்டாவது சர்வரிடம் அந்த எண்ணைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையாதலால் அது நம்மை நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புமாறு லோட் பேலன்சரைப் பழக்கலாம். பலரும் செய்வது அதுதான். ஆனால் அந்தச் சர்வர் பழுதானாலோ, மேம்படுத்துவதற்காக நிறுத்தப்பட்டாலோ, அதில் இருந்த அத்தனை பேரின் செஷன்களும் அதோடு போய்விடும்.

எனவே நகல் தேவை. எல்லாச் சர்வர்களிலும் எல்லாச் செஷன்களையும் வைப்பது எளிய வழி; ஜாவா மொழியில் எழுதிய வலைச் செயலிகளை இயக்கும் டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளில் இதற்கான ஏற்பாடு உள்ளது. ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பேருக்கு, தலைக்கு 10 கிலோபைட் என்றால் ஒரு ஜிகாபைட் ஆகிறது. சர்வர்கள் நான்கானாலும் எட்டானாலும் ஒவ்வொன்றும் அந்த முழு ஒரு ஜிகாபைட்டையும் சுமக்க வேண்டும். ஒருவர் தம் பிறந்த தேதியைத் திருத்தினால் நான்கு சர்வர்களில் 3 செய்திகளும், எட்டு சர்வர்களில் 7 செய்திகளும் பறக்கும். பெரிய கிளஸ்டர்களுக்கு இம்முறை ஏற்றதன்று என்று டாம்கேட்டின் ஆவணமே கூறுகிறது. அதற்குப் பதிலாக, ஒரு செஷனுக்கு ஒரே ஒரு நகல் மட்டும் வைத்தால், நான்கு சர்வர்களில் ஒவ்வொன்றும் 25,000 சொந்தச் செஷன்களையும் 25,000 நகல்களையும் ஏற்று அரை ஜிகாபைட்டோடு நிற்கும். சர்வர்கள் எட்டானால் சுமை கால் ஜிகாபைட்டாகக் குறையும். செய்தியும் எப்போதும் ஒன்றுதான்.

ஆனால் எந்தச் செஷன் எந்தச் சர்வரில், அதன் நகல் எங்கே? செஷன் எண்ணைச் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று முதலில் தோன்றும். நான்கு சர்வர்களோடு ஐந்தாவது ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? 0 முதல் 19 வரையுள்ள இருபது எண்களை நான்கால் வகுத்தும் ஐந்தால் வகுத்தும் பார்த்தால், 0, 1, 2, 3 ஆகிய நான்குக்கு மட்டுமே மீதி மாறாமல் இருக்கிறது. உதவிக்கு ஒரு சர்வரைச் சேர்த்தவுடன் 80 விழுக்காட்டுச் செஷன்கள் இடம்பெயர வேண்டிவரும் என்பது இதன் பொருள். கூட்டம் நெரியும் நேரத்தில் இதைவிடக் கேடு வேறு இல்லை.

இதற்குக் கண்ட தீர்வை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளை மனத்தில் கொள்ளுங்கள். ஆனித் தேர் கீழ ரத வீதியில் புறப்பட்டு, தெற்கு, மேல, வடக்கு வீதிகள் வழியே வலமாகச் சுற்றி நிலைக்கு வந்து சேர்கிறது அல்லவா? அதுபோல 0 முதல் ஏறத்தாழ 429 கோடி வரையுள்ள எண்களை, முடிவு தொடக்கத்தோடு இணையும் ஒரு வட்டமாக வளைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சர்வரின் பெயரையும் ஒரு கணிதச் சார்பில் இட்டு, கிடைக்கும் எண்ணுக்குரிய இடத்தில் அந்தச் சர்வரை நிறுத்துகிறார்கள். செஷன் எண்ணும் அதே சார்பின் வழியாக வட்டத்தில் ஓரிடத்தைப் பெறுகிறது. அந்த இடத்திலிருந்து வலமாக நடந்தால் முதலில் எதிர்ப்படும் சர்வரே செஷனின் உரிமையாளர். அதற்கடுத்து எதிர்ப்படுவது நகலை வைத்திருப்பது.

இப்போது தெற்கு ரத வீதியில் இருக்கும் சர்வர் விழுந்துவிட்டதாக வையுங்கள். அதற்குரிய செஷனைத் தேடி வலமாக நடக்கும் கோரிக்கை, வெற்றிடத்தைத் தாண்டி மேல ரத வீதிச் சர்வரிடம் தானாகவே போய்ச் சேரும். நகலோ ஏற்கனவே அங்கேதான் இருக்கிறது! யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை, எந்தப் பதிவேட்டையும் புரட்ட வேண்டியதில்லை. விதி மாறவே இல்லை. ஒரு சர்வர் இல்லாமற்போனதும் அதே விதி நகலைச் சொந்தமாக்கிவிடுகிறது. செஷன்களுக்கு மீண்டும் இரண்டாம் பிரதி வேண்டுமென்பதற்காக, அடுத்துள்ள வடக்கு வீதிச் சர்வருக்குப் புதிய நகல்கள் பின்னணியில் அனுப்பப்படும். புதிதாக ஒரு சர்வர் வந்தாலும், அது தனக்கும் வட்டத்தில் தனக்கு முந்தைய சர்வருக்கும் இடையே உள்ள துண்டின் செஷன்களை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். ஐந்தாவது சர்வருக்கு இது சராசரியாக 20 விழுக்காடு. துண்டுகள் சமமாக அமையாது என்பதால், ஒவ்வொரு சர்வரையும் வட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்துவது வழக்கம். அப்படிச் செய்தால் ஒன்று விழும்போது அதன் பாரம் ஒருவர் தலையில் இறங்காமல் எல்லோருக்கும் பிரிந்துபோகும்.

இந்த வட்ட முறையை 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கார்கர், டாம் லெய்டன், டேனியல் லெவின் முதலியோர் கோட்பாட்டுக் கணினியியல் மாநாடொன்றில் நிகழ்தகவுத் தேற்றங்களோடு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே லெய்டனும் ஆய்வு மாணவரான லெவினும், இணையப் பக்கங்களை விரைவாகக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அமேசான் 2007இல் வெளியிட்ட டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பில் நகல்கள் வட்டத்தில் அடுத்தடுத்த சர்வர்களுக்கே போகின்றன. செஷன்களைக் காப்பது அதன் பயன்களுள் ஒன்று. தாளும் பேனாவும் கொண்டு செய்த கணிதம் இத்தனைக்கும் அடிப்படையாக இருக்கும்போது, கல்லூரிகளுக்குக் கணினி வாங்கிக் கொடுத்தாலே ஆராய்ச்சி வளர்ந்துவிடும் என்ற எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், உடனடிப் பயன் கேட்காமல் கோட்பாட்டு ஆய்வு மாணவர்களுக்கு முழு உதவித்தொகை தர வேண்டும்.

நகலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சர்வர் விழுந்தது மற்றவற்றுக்கு உடனே தெரிந்துவிடாது. டாம்கேட் கிளஸ்டரில் ஒவ்வொரு சர்வரும் அரை விநாடிக்கு ஒருமுறை தான் இயங்குவதை அறிவிக்கும். மூன்று விநாடிகள் அறிவிப்பு வராவிட்டால் மற்றவை அதை விலக்கிவிடும். இவை நாம் மாற்றாதவரை இயல்பாக உள்ள அளவுகள். நகல் எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நகல் போய்ச் சேர்ந்த பிறகே பயனருக்குப் பதில் தருவதென்றால் ஒவ்வொரு பக்கமும் சற்றுத் தாமதமாகும். பதிலை முதலில் தந்துவிட்டு நகலைப் பிறகு அனுப்பினால், அந்த இடைவெளியில் சர்வர் விழும்போது கடைசித் திருத்தம் தொலையும். ஆகவே கட்டணம் செலுத்தியதையும் பக்கம் நிறைவு பெற்றதையும் செஷனை நம்பி விடாமல் உடனுக்குடன் தரவுத்தளத்தில் எழுத வேண்டும். புகைப்படத்தையும் சான்றிதழையும் செஷனுக்குள் திணிப்பது பெருந்தவறு. தலைக்கு 200 கிலோபைட் என்றாலே ஒரு லட்சம் பேருக்கு 20 ஜிகாபைட் ஆகிவிடும். அதற்கொரு நகலும் வேண்டுமென்பதால், நினைவகத்தில் 40 ஜிகாபைட் இடம் தேவைப்படும்.