சொல் விளக்கம்: ரெட்ஸ்

‘ரிலேட்டிவ் எனர்ஜி டெஃபிஷன்சி இன் ஸ்போர்ட்’ என்ற நீண்ட பெயரின் சுருக்கம்தான் ரெட்ஸ். பயிற்சியில் செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடு உள்ளே போகாததால் உடம்பும் மனமும் கெடும் நிலை இது. பெண் பிள்ளைகளிடம் இது பெரும்பாலும் மாதவிடாயில் தெரியவரும். முதலில் தள்ளிப்போகும், அப்புறம் நின்றே போகும்.

இதற்கு முன்னால் வேறொரு பெயர் இருந்தது. 1992இல் ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ என்ற விளையாட்டு மருத்துவச் சங்கம் கூட்டிய குழு ‘ஃபீமேல் அத்லெட் ட்ரையட்’ என்று பெயர் வைத்தது. ட்ரையட் என்பதன் வேர் கிரேக்கம். மூன்று சேர்ந்தது என்று பொருள். சீர்கெட்ட உணவுப் பழக்கம், நின்றுபோன மாதவிடாய், எலும்பு மெலிவு, இவைதான் அந்த மூன்று. வேண்டுமென்றே பட்டினி கிடக்காமல், அறியாமலே குறைவாகச் சாப்பிடுபவளுக்கும் இது வரும் என்று 2007இல் விளக்கத்தை விரித்தார்கள். 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் புதுப் பெயரைக் கொண்டுவந்தது. ஆண்களுக்கும் இது வருகிறது, கேடு மூன்றோடு நிற்பதில்லை, இதயம், குடல், நோய் எதிர்ப்பு, மனம் எல்லாவற்றையும் தொடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பழைய பெயர்க்காரர்கள் சிலர் உடனே மறுப்பு எழுதினார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

தமிழில் என்ன சொல்வது? ‘சார்பு ஆற்றல் குறைபாடு’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் ஐன்ஸ்டைன் வீட்டுக்கு வழி கேட்ட மாதிரி இருக்கும். ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ என்றால் பொருளே மாறிவிடும். கீரை, முட்டை, மீன் எல்லாம் தட்டில் இருந்தும் இது வரலாம். பெயரின் உயிர் ‘ரிலேட்டிவ்’ என்ற சொல்லில் இருக்கிறது. குறைவு என்றால் எதற்குக் குறைவு? அன்றைய ஓட்டத்துக்குக் குறைவு. அதனால் ‘சக்தி ஈடின்மை’ என்பேன். தமிழ்நாட்டில் ஆற்றல் என்பார்கள். இங்கே மலேசியாவில் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் படித்தது சக்தி, அதுவே இருக்கட்டும்.

ஈடு என்ற சொல் இல்லாவிட்டால் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் ஓர் அம்மாவிடம் இதை விளக்க முடியாது. “மூணு வேளையும் சோறு சாப்பிடுறாளே” என்பார். அவர் சொல்வது உண்மைதான். கணக்கைப் பாருங்கள். கொழுப்பைக் கழித்தால் 40 கிலோ உடம்புள்ள ஒரு பெண். பயிற்சிச் செலவு போக, கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கலோரி அளவில் மிச்சம் இருந்தால் உடம்பு நிம்மதியாக வேலை செய்யும். அதாவது 1800. குறுக்கோட்டப் பயிற்சியில் 600 செலவாகிறது என்றால் அவள் 2400 சாப்பிட வேண்டும். 1700 சாப்பிட்டால் மிச்சம் 1100, கிலோவுக்கு 27.5. கிலோவுக்கு 30க்குக் கீழே இறங்கினால் மாதவிடாயை நடத்தும் ஹார்மோன் துடிப்பு குலைகிறது என்று அமெரிக்காவின் ஓஹையோவில் ஆன் லவுக்ஸ் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகள் காட்டின. அவை வயது வந்த பெண்களிடம் செய்தவை, ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே அந்த 30ஐச் சுவரில் எழுதி வைக்க வேண்டாம். ஓடாத அக்காவுக்குப் போதுமான அதே தட்டு ஓடுகிற தங்கைக்குப் போதாது என்பது மட்டும் புரிந்தால் சரி.

காலையில் அவசரத்தில் ஒரு மைலோ, மாலையில் வெறும் வயிற்றோடு திடல் என்று போகும் நாட்களில் ஈடு இன்னும் குறையும். தைப்பூச விரதத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்றால் அந்த நாட்களில் பயிற்சியையும் குறைக்க வேண்டும். சைவம் சாப்பிடுவதில் குற்றமில்லை, அளவில்தான் சிக்கல்.

சக்தி போதாதபோது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸ் இனப்பெருக்க வேலையை நிறுத்தி வைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குகிறது, அதோடு எலும்பும் மெலிகிறது. வாழ்நாளுக்கான எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். சேரவேண்டிய வயதில் சேராமல் போனதைப் பின்னால் முழுதாக மீட்பது கடினம். முன்காலில் தீராத வலி என்றால் நம் ஊரில் தைலம் தேய்த்து மறுநாளும் ஓடவிடுகிறார்கள். அது எலும்பில் விழுந்த விரிசலாகவும் இருக்கலாம்.

இதோடு வரும் இன்னொரு சொல் ‘அமெனோரியா’. அதுவும் கிரேக்கம்: இல்லை, மாதம், ஒழுக்கு என்ற மூன்றும் சேர்ந்தது. சித்த மருத்துவத்தில் ‘சூதகத் தடை’ என்ற பெயர் உண்டு. சூதகம் என்பதில் தீட்டு ஒட்டியிருக்கிறது, எனக்கு வேண்டாம். தொல்காப்பியக் கற்பியலில் வரும் ‘பூப்பு’ மாதந்தோறும் வருவதையே குறித்தது. இன்று அது சடங்கு வைக்கும் முதல் தடவைக்கு மட்டும் சுருங்கிவிட்டது. ‘மாதவிடாய் நிற்றல்’ என்றால் ஐம்பது வயதில் நிற்பதாகக் கேட்கும். எனவே ‘மாதவிடாயின்மை’ சரி. பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும், வந்துகொண்டிருந்தது தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். “ஓடுற பிள்ளைதானே, அப்படித்தான் இருக்கும்” என்று விடுவது தவறு. போட்டி நேரத்தில் தொல்லையில்லை என்று பிள்ளையே மகிழ்ந்து மறைப்பதும் உண்டு.

மனம் இதில் பின்னால் வந்து சேரும் விருந்தாளி என்று நினைக்க வேண்டாம். எடை கூடிவிடுமோ என்ற பயம் சாப்பாட்டைக் குறைக்கும். சாப்பாடு குறைந்ததால் எரிச்சல், தூக்கமின்மை, பாடத்தில் கவனமின்மை வரும். “கொஞ்சம் இளைச்சா இன்னும் வேகமா ஓடலாம்” என்று பயிற்றுநர் போகிற போக்கில் சொல்லும் ஒரு வரி அந்தப் பயத்துக்குப் போதும். எல்லார் முன்னிலும் எடை பார்ப்பதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

சிகிச்சை என்று பார்த்தால் கூடுதல் சாப்பாடு, குறைந்த பயிற்சி. மாதவிடாய் திரும்பப் பல மாதம் ஆகலாம். கருத்தடை மாத்திரை கொடுத்தால் இரத்தப்போக்கு வரும், ஆனால் உள்ளே ஈடின்மை அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் மறைந்துவிடும். அரசாங்கக் கிளினிக்கில் ‘ஹைட்’ (மலாயில் மாதவிடாய்) வரவில்லை என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, எலும்பு வலி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரெட்ஸ் என்ற பெயரையும் நீங்களே எடுத்துச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.