பிரிட்ஜ் மோடு: பாலமா, ஒப்படைப்பா?

சிம் அட்டை போட்டு இயங்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 'பிரிட்ஜ் மோடு' என்றொரு தெரிவு இருக்கும். மோடம் தனக்குள் இருக்கும் ரூட்டர் வேலையை நிறுத்திக்கொண்டு, செல்பேசி நிறுவனம் தனக்குத் தந்த இணைய முகவரியைப் பின்னால் இணைந்துள்ள வீட்டு ரூட்டரிடம் விட்டுவிடும் நிலைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். காவிரிப் படுகையில் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்து வயல்வெளி வீடுகளிலும் கடலோர இறால் பண்ணைகளிலும் மொட்டை மாடிக் குழாயில் கட்டிய மோடமும் கூடத்தில் ஒரு வைஃபை ரூட்டருமாக இணையம் பெறுகிறவர்கள் பலர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது சாய்ந்த மரங்களோடும் கம்பங்களோடும் கம்பிவழி இணைப்புகளும் அறுந்து விழுந்ததைக் கண்டவர்கள், கம்பி வந்த பிறகும் சிம் மோடத்தைக் கைக்காவலாக வைத்திருக்கிறார்கள். இவர்களில் யாருக்கேனும் இணையம் தகராறு செய்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பிரிட்ஜ்ல போட்டாச்சா?" என்பதுதான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, சிம் மோடத்தில் அது உண்மையில் எதைச் செய்கிறது, தமிழில் அதை எப்படிச் சொல்வது சரி என்பவற்றைப் பார்த்துவிட்டால், பழுது பார்க்கும் வேலையில் பாதி முடிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

'பிரிட்ஜ்' ஆங்கிலத்தின் பழைய செர்மானிய வேர்ச்சொற்களுள் ஒன்று; இன்றைய செர்மன் மொழியில் பாலத்தைக் குறிக்கும் 'ப்ருய்க்கெ' இதன் உடன்பிறப்பு. 'மோடு' என்பது அளவு, முறைமை என்னும் பொருள்களை உடைய 'மோடுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 'மோடம்' என்ற பெயரும் அதே வேருக்குத்தான் போய்ச் சேருகிறது. பண்பேற்றம் செய்வது, அதை மீட்பது என்ற இரு வினைகளுக்குரிய ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டி உண்டாக்கிய பெயர் அது. இந்தச் சொல்லைத் தமிழாக்குவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. தமிழ் எழுத்தில் 'பிரிட்ஜ்' என்று எழுதினால் பெரும்பாலானோர் குளிர்சாதனப் பெட்டி என்றே படிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே உதவி கேட்டு உதவி பெறும் இந்நாளில் இது சிறு இடையூறு அன்று.

கணினி வலையமைப்பில் பிரிட்ஜ் என்பது முதலில் ஒரு கருவியின் பெயர். 1980களில் அலுவலகங்களில் ஈதர்நெட் (கணினிகளைக் கம்பியால் இணைக்கும் முறை) பரவியபோது, தனித்தனியாகக் கிடந்த இரண்டு வலைகளை ஒரே வலையாக்க இக்கருவியை நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு கணினியின் ஈதர்நெட் அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு மேக் முகவரி உண்டு. பிரிட்ஜ் அந்த முகவரியை மட்டும் படித்து, யார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கற்றுக்கொண்டு, தரவுச் சட்டத்தை (மேக் முகவரி இட்டுக் கட்டிய தரவுப் பொதியை) அப்படியே மறுபக்கம் சேர்க்கும். உள்ளே இருக்கும் ஐபி முகவரியை, அதாவது இணைய முகவரியை, அது திறந்து பார்ப்பதே இல்லை. இப்படிப் பல பிரிட்ஜ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாகிவிட்டால் தரவு முடிவின்றிச் சுற்றும் என்ற சிக்கலுக்கு, 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் தீர்வு வகுத்தார். 1990இல் மின்னியல் பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பின் 802.1டி தரநிலை இவை அனைத்தையும் விதியாக்கியது. இந்தக் கருவிக்குப் 'பாலம்' என்ற தமிழ்ச்சொல் முழுக்கப் பொருந்தும். இரு கரைகளும் ஒரே வகை நிலம். கடப்பவர் கடப்பதால் மாறுவதில்லை. பழைய சொல்லான 'சேது' இங்கே உதவாது, ஏனெனில் அது பாலத்தையும் குறிக்கும், நீரைத் தடுக்கும் அணையையும் குறிக்கும்.

அலுவலகக் கருவியின் பெயர் நம் வீடுகளுக்குள் வந்தது தொலைபேசிக் கம்பிவழி அகலக்கற்றையோடு. 2005இல் பிஎஸ்என்எல் அந்தச் சேவையைத் தொடங்கிய பிறகு, மோடத்தைப் 'பிரிட்ஜில்' வைத்துக் கணினியிலிருந்தே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 'டயல்' செய்தவர்கள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நிறையப் பேர். அங்கே நடந்தது மெய்யான பாலம்: கணினி அனுப்பிய ஈதர்நெட் சட்டத்தை மோடம் அப்படியே தொலைபேசி நிலையப் பக்கம் கொண்டுசேர்த்தது, 1999இல் வெளியான பிபிபிஓஇ நெறிமுறை அந்தச் சட்டத்துக்குள் உட்கார்ந்து பயனரை அடையாளம் காட்டியது. ஆகவே அந்தக் காலத்துப் 'பிரிட்ஜ் மோடு' என்பதைப் 'பாலப் பயன்முறை' என்று தயக்கமின்றி மொழிபெயர்க்கலாம்.

சிம் மோடத்தில் நிலைமை வேறு. செல்பேசிக் கோபுரத்துக்கும் மோடத்துக்கும் இடையே ஈதர்நெட் சட்டமே ஓடுவதில்லை. மேக் முகவரி என்ற ஒன்றும் அந்தப் பக்கத்தில் கிடையாது. வெறும் ஐபி சிப்பங்கள் (ஐபி முகவரி தாங்கிய தரவுத் துண்டுகள்) மட்டுமே போய்வருகின்றன. 5ஜி தரநிலையில் ஈதர்நெட் வகை அமர்வு (மோடம் வலையமைப்போடு வைக்கும் தரவுத் தொடர்பு) ஒன்று வகுக்கப்பட்டிருந்தாலும், வீட்டுக்கு விற்கப்படும் சிம்மில் கிடைப்பது ஐபி அமர்வுதான். ஒரு கரையில் மேக் முகவரி உண்டு, மறுகரையில் இல்லை என்றால் பாலம் கட்ட இடமே இல்லை. எனவே மோடம் வேறொன்றைச் செய்கிறது. செல்பேசி நிறுவனம் அந்த அமர்வுக்குக் கொடுத்த ஒரேயொரு ஐபி முகவரியை, டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாகத் தன் பின்னால் இருக்கும் ஒரேயொரு கருவிக்குத் தருகிறது. அந்தக் கருவி எதையாவது தன் நுழைவாயிலாகக் கருத வேண்டுமே என்பதற்காக, நிறுவனம் கொடுக்காத ஒரு நுழைவாயில் முகவரியையும் வலைமறைப்பையும் (சப்நெட் மாஸ்க்) தானே உண்டாக்கிக் கொடுத்து, அந்த நுழைவாயிலாகத் தானே நின்று பதில் சொல்கிறது. சில நிறுவனங்கள் இதே தெரிவுக்கு 'ஐபி பாஸ்த்ரூ' என்று பெயரிட்டிருப்பது இதனால்தான், அந்தப் பெயரே நேர்மையானதும் ஆகும்.

தமிழில் இதற்கு 'முகவரி ஒப்படைப்பு' என்ற பெயரை நான் முன்வைக்கிறேன். 'கடத்துமுறை' என்றால் வேறு நினைவுகள் வந்துவிடும். 'ஊடுசெலவு' என்பது யாருக்கும் விளங்காது. 'ஒப்படை' என்பதோ வருவாய்த்துறை ஆவணங்களில் 'நில ஒப்படை' என்று நாள்தோறும் புழங்கும் சொல். குறித்த ஒருவர் பெயருக்கு மட்டும் கொடுக்கப்படுவது என்ற பொருளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது. சிம் மோடமும் முகவரியைக் குறித்த ஒரு கருவிக்குத்தான் ஒப்படைக்கிறது. அந்த ஒருமையை மறப்பதால்தான் பழுதுகளில் பெரும்பகுதி வருகிறது.

இந்த ஒப்படைப்பு எதற்குத் தேவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோடமும் ரூட்டர், அதற்குப் பின்னால் உள்ளதும் ரூட்டர் என்றால், உள்வீட்டு முகவரி இரண்டு முறை பெயர்க்கப்பட்டு, அதாவது வேறு முகவரியாக மாற்றப்பட்டு, வெளியே போகும். ஆற்றுத் தலைப்பில் ஒரு மதகும், அதே வாய்க்காலில் சற்றுத் தள்ளி இன்னொரு மதகும் இருந்தால், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றதும் எந்தச் சட்ரஸை (மதகுக் கதவை) ஏற்றுவது என்று இரண்டையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஒப்படைப்பு என்பது முதல் மதகை முழுக்கத் தூக்கி வைத்துவிட்டு, முறை வைக்கும் பொறுப்பை இரண்டாவதிடம் விடுவது. படம் பார்ப்பதற்கும் வாட்ஸ்அப்பில் பேசுவதற்கும் இந்த இரட்டைப் பெயர்ப்பு ஒரு கெடுதலும் செய்யாது. வைஃபை மாடிவரை எட்டினால் போதும் என்பவர்கள் மோடத்தைத் தொடாமல், வீட்டு ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' (வெறும் வைஃபை நிலையம்) நிலையில் வைத்துக்கொள்வதே நல்லது.

ஒப்படைப்புத்தான் வேண்டும் என்று முடிவானால், மாற்றுவதற்கு முன்பே மோடத்தில் இணையம் வருகிறதா என்று பார்த்து, அதன் நிலைப் பக்கத்தில் உள்ள வெளிமுகவரியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக அது 100.83.14.60 என்று இருக்கட்டும். மாற்றிய பின் வீட்டு ரூட்டரின் 'வான்' (WAN, வெளி இணைய) பக்கத்தில் 100 என்று தொடங்கும் அதே வகை முகவரி தெரிந்தால் ஒப்படைப்பு நடந்துவிட்டது. அங்கே 192.168 என்று தொடங்கும் எண் தெரிந்தால், மோடம் இன்னும் ரூட்டராகவே நடந்துகொள்கிறது. எண் எதுவுமே வரவில்லை என்றால் இரண்டு காரணங்களைச் சோதிக்க வேண்டும். வீட்டு ரூட்டரின் 'வான்' பக்கம் பழைய பழக்கத்தில் பிபிபிஓஇ என்று விடப்பட்டிருக்கலாம்; சிம் மோடத்துக்கு அது தானியங்கி ஐபி என்றே இருக்க வேண்டும். அல்லது, அமைப்பை மாற்ற மோடத்தில் செருகிய மடிக்கணினியின் மேக் முகவரியை மோடம் நினைவில் வைத்துக்கொண்டு, முகவரியை அதற்கே ஒப்படைத்துவிட்டு ரூட்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். மடிக்கணினியைக் கழற்றி, மோடத்தையும் ரூட்டரையும் அணைத்து, இரண்டையும் நேர்க்கம்பியால் இணைத்து, மோடத்தை முதலில் போட்டு, கோபுர விளக்கு நிலையாக எரிந்த பிறகு ரூட்டரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில மோடங்களில் ரூட்டரின் மேக் முகவரியை எழுதிவைக்கவே ஓர் இடம் உண்டு. இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மின்தடைக்குப் பிறகு மட்டும் இணையம் வராமல் போவதும் இதன் தொடர்ச்சியே. மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் முந்திக்கொண்டு எழுந்து முகவரி கேட்கிறது. மோடம் அப்போது கோபுரத்தோடு சேரவே இல்லை. சேர்ந்த பிறகோ, புதிய அமர்வில் கிடைப்பது புதிய முகவரி. மோடத்தையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைப்பது இதற்கு நிலையான மருந்து.

சொல்லினாலேயே நேரும் பழுது ஒன்று உண்டு, அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றிலும், பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து இயங்கும் மெஷ் வகைக் கருவிகளிலும் 'பிரிட்ஜ் மோடு' என்ற அதே பெயரில் ஒரு தெரிவு இருக்கிறது. அங்கே அதன் பொருள், ரூட்டர் தன் வேலையை விட்டு வெறும் வைஃபை நிலையமாக இருக்கும் என்பது. அது மெய்யான பாலம். தொலைபேசியில் ஒருவர் "பிரிட்ஜ்ல போடுங்க" என்று சொல்ல, கேட்டவர் மோடத்தில் ஒன்றும் ரூட்டரில் ஒன்றுமாக இரண்டையும் போட்டுவிட்டால், முகவரி பகிர்ந்து கொடுக்க வீட்டில் யாரும் இல்லாமல் போகிறது. முதலில் இணைந்த ஒரு செல்பேசிக்கு மட்டும் இணையம் வந்து, மற்றவை 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்ற வரியிலேயே நிற்கும். இந்த அறிகுறியைக் கண்டால் மோடத்தைத் தொடாமல் ரூட்டரை மட்டும் ரூட்டர் நிலைக்குத் திருப்புங்கள். மோடத்தில் ஒப்படைப்பு, ரூட்டரில் பாலம் என்று இரு பெயர்கள் புழக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் எழவே எழாது.

சில தளங்கள் திறந்து, சில பாதியில் நின்றால், சிப்பத்தின் அளவைப் பாருங்கள். ஈதர்நெட்டில் பெரும அளவு 1500 பைட்; செல்பேசி வலையமைப்பு ஒவ்வொரு சிப்பத்தையும் தன் உறையில் பொதிந்து அனுப்புவதால் நமக்குக் கிடைக்கும் இடம் குறையலாம். ரூட்டரின் எம்டியு எண்ணை (சிப்பத்தின் பெரும அளவை) 1400 என்று வைத்துப் பார்த்து, போதவில்லை என்றால் செல்பேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி தரநிலையில் கணக்கிட்டுக் காட்டியுள்ள 1358 வரை இறக்கலாம்.

இறால் பண்ணையிலும் நெல் அரவை ஆலையிலும் கேமரா வைத்துவிட்டு, வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒப்படைப்பைக் கேட்கிறவர்கள் அதிகம். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தாளில் குறித்த வெளிமுகவரியைப் பாருங்கள் என்பதே. அது 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்றோ தொடங்கினால், செல்பேசி நிறுவனமே தன் பக்கத்தில் முகவரியைப் பெயர்த்துப் பலருக்குப் பங்கிடுகிறது. நான்காம் பதிப்பு ஐபியில் (IPv4) இருக்கும் மொத்த முகவரிகளே ஏறத்தாழ 430 கோடிதான் என்பதால் வந்த ஏற்பாடு இது. 2012இல் இதற்கென்றே 100.64 தொகுதி ஒதுக்கப்பட்டது. இந்த நிலையில் ஒப்படைப்பு குறையின்றி நடந்தாலும், ரூட்டரில் எத்தனை போர்ட்டுகளை (உள்ளே வரும் வாயில்களை) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உள்ளிருந்து வெளியே புறப்படும் இணைப்புக்குத் தடை இல்லை. ஆகவே பொது முகவரி உள்ள ஒரு கணினியை நோக்கிப் பண்ணை ரூட்டரிலிருந்தே வயர்கார்டு போன்ற விபிஎன் (மறையாக்கிய தனிவழி) ஒன்றைக் கட்டுவதோ, கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பதோதான் வழி.

ஆறாம் பதிப்பு ஐபி (IPv6) இன்னொரு வாய்ப்பு. ஆனால் ஒப்படைப்பு அதிலும் அரைகுறைதான். செல்பேசி நிறுவனம் ஓர் அமர்வுக்கு /64 அளவுள்ள ஒரு முகவரித் தொகுதியை மட்டுமே பொதுவாகத் தருகிறது. வீட்டு ரூட்டரோ தன் உள்வலைக்குத் தனியாக ஒரு தொகுதியை எதிர்பார்க்கிறது. அந்த ஒரே தொகுதியை உள்வலைக்கும் நீட்டிக்கும் முறை 2014இல் வகுக்கப்பட்டது. ரூட்டரின் ஆறாம் பதிப்புப் பக்கத்தில் 'ரிலே' அல்லது 'பாஸ்த்ரூ' என்ற தெரிவு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். ரூட்டரின் 'வான்' பக்கத்தில் 192.0.0 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். ஆறாம் பதிப்பு மட்டுமே உள்ள அமர்வில், நான்காம் பதிப்பு தேவைப்படும் கருவிகளுக்காகச் சில மோடங்கள் உண்டாக்கிக் கொடுக்கும் உள்முகவரி அது.